தளர்ந்த கம்பிக்குப் பெரிய ஆம்ப் எதற்கு

பேஸ் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளே, அரசு வேலையிலிருந்து நான் ஓய்வு பெற இன்னும் பல வருடங்கள் இருக்கின்றன. மெட்டல் இசை மேடையிலிருந்து மட்டும் போன வருடமே ஓய்வு பெற்றுவிட்டேன். இடது மணிக்கட்டு ஒத்துழைக்க மறுத்தது. அலுவலகத்தில் நாள் முழுக்கத் தட்டச்சு செய்வது, விடுமுறை நாளில் பேஸ் வாசிப்பது, இரண்டில் ஒன்றை விட்டுவிடுங்கள் என்றார் மருத்துவர். எதை விடுவது என்று நான் யோசிப்பதற்குள் வீட்டிலிருந்த எல்லோரும் ஒரே குரலில் பதில் சொல்லிவிட்டார்கள்.

அதன்பிறகு என்னைத் தேடி வருகிறவர்கள் கேட்பதெல்லாம் ஒரே கேள்விதான். "அக்கா, டியூனிங்க எறக்கணும். எந்தக் கம்பி வாங்கறது, எந்த ஆம்ப் வாங்கறது?" கம்பியின் கனத்தை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிடலாம். கடைப் பெட்டியின் மேலேயே அது அச்சடித்திருக்கும். அந்தப் பெட்டியில் அச்சடிக்காத சில விஷயங்களை நான் மூன்றே வாரத்தில், ஒரு மாவு மில்லில் வைத்துத் தெரிந்துகொண்டேன். குழுவை விட்டு என்னை அனுப்பிவிடப் போகிறார்கள் என்ற நிலையில் தெரிந்துகொண்டதால் இன்னும் மறக்கவில்லை.

எங்கள் குழுவில் மூன்றே பேர். குமரன் கிட்டார் வாசிப்பான், பாடுவான். பாடுவான் என்று மரியாதைக்குச் சொல்கிறேன், உறுமுவான். திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தான். டிரம்ஸ் வாசித்த இளங்கோவுக்கு அடி அண்ணாமலையில் சொந்தமாக மாவு மில். நான் கீழ்பென்னாத்தூர்க்காரி. அப்பாவுக்கு வேர்க்கடலை விவசாயம். தினமும் பஸ் ஏறி வேங்கிக்காலில் ஓர் அரசு அலுவலகத்துக்கு வந்து போவேன். கல்லூரி இசைக்குழுவில் எல்லோரும் கிட்டாரை எடுத்துக்கொண்டு, மிச்சமாக நின்ற பேஸை என்னிடம் கொடுத்தார்கள். அப்படித்தான் இந்தக் கருவிக்கு நான் வாழ்க்கைப்பட்டேன்.

ஒத்திகை ஞாயிற்றுக்கிழமை மதியம், மில் மூடியிருக்கும் நேரத்தில். அந்தச் சுவர்கள் ஏற்கெனவே எல்லாச் சத்தத்தையும் கேட்டுப் பழகியவை, நாங்கள் புதிதாக அவற்றைக் கெடுத்துவிட முடியாது. பௌர்ணமி அன்று மட்டும் ஒத்திகை கிடையாது. கிரிவலக் கூட்டம் மில் வாசல் வரைக்கும் நிற்கும், இளங்கோவின் அம்மா வருகிறவர்களுக்கெல்லாம் மோர் கொடுப்பார்.

குமரனுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒரு பாட்டு சரியாக வரவில்லை என்றால் மற்ற குழுக்கள் பாட்டை மாற்றும். குமரன் டியூனிங்கை, அதாவது கம்பிகளின் சுருதியை, இறக்குவான். கிட்டாரிலும் பேஸிலும் தடித்த கம்பி வழக்கமாக 'ஈ' என்ற சுரத்தில் இருக்கும். அதை 'டி'க்கு இறக்கினான். இரண்டு மாதம் கழித்து 'சி'. கடைசியில், மெட்டலுக்கு இருட்டு வேண்டும், இன்னும் கீழே போக வேண்டும் என்று சொல்லி 'ஏ'யில் வந்து நின்றான். அவன் இறங்க இறங்க நானும் என் பேஸின் சாவியைத் திருகித் திருகிப் பின்னாலேயே இறங்கினேன். கம்பி மட்டும் பழைய கம்பி. 'ஈ'க்காகச் செய்த கம்பியை 'ஏ'க்கு இறக்கினால் என்ன ஆகுமோ அது ஆயிற்று. தட்டினால் சுரம் வருவதற்கு முன்னால் கடகடவென்று மரத்தில் அடிக்கும் சத்தம் வந்தது. சுரம் சில சமயம் பின்னால் வந்தது, சில சமயம் வரவேயில்லை.

ஒரு ஞாயிறு கேழ்வரகு அரைக்க வந்த அம்மா ஒருவர், மில் திறந்திருக்கிறது என்று நினைத்து உள்ளே எட்டிப் பார்த்தார். ஒரு முழுப் பாட்டையும் நின்று கேட்டுவிட்டு, மோட்டாரில் பேரிங் போய்விட்டதா என்று இளங்கோவிடம் கவலையோடு விசாரித்தார். மோட்டார் அப்போது ஓடவே இல்லை.

இங்கேதான் என் முதல் தப்பு. கம்பியைப் பார்க்க வேண்டிய இடத்தில், சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப்பை நான் பார்த்தேன். சத்தம் சரியாகக் கேட்கவில்லை என்றால் சத்தம் போதவில்லை என்றுதான் அர்த்தம் என்று நினைத்தேன். நீங்களும் அப்படித்தான் நினைப்பீர்கள். ஆம்ப் பெரிதாக இருந்தால் பார்ப்பவர்களுக்கு நாமும் பெரிய ஆளாகத் தெரிவோம், அந்த ஆசையும் சேர்ந்துகொள்ளும். என் பெரியப்பா மகன் மெல்லிசைக் கச்சேரிக் குழு நடத்தியவர். அவர் வீட்டில் ஒரு பீரோவின் பாதி உயரத்துக்குப் பேஸ் ஆம்ப் ஒன்று சும்மா கிடந்தது. அதைக் கேட்டு வாங்கி, லோடு ஆட்டோவில் ஏற்றி அடி அண்ணாமலைக்குக் கொண்டுவந்தேன். இறக்கி வைக்க மூன்று பேரும் தேவைப்பட்டோம்.

அன்று காலையில் யாரோ கல்யாணத்துக்காக மூட்டை மூட்டையாக மிளகாய் அரைத்திருந்தார்கள். அரைக்கும் இயந்திரத்தின் வாயில் கட்டியிருந்த துணிப்பை, மேலே மரச்சட்டம், ஜன்னல் விளிம்பு, எல்லா இடத்திலும் சிவப்பாகத் தூள் படிந்திருந்தது. எங்களுக்கு அது தினமும் பார்க்கிற காட்சி. நான் ஆம்ப்பில், அடிச்சத்தத்தைக் கூட்டும் பேஸ் குமிழை முழுக்கத் திருகினேன். சத்தக் குமிழை முக்கால்வாசி திருகினேன். தடித்த கம்பியை ஒரு தட்டுத் தட்டினேன்.

சுரம் கேட்கவில்லை. தகரக் கூரை அதிர்ந்தது, ஆம்ப் தானாக ஒரு சாண் நகர்ந்தது, பிறகு மேலேயிருந்து மெதுவாக, சத்தமே இல்லாமல், செந்தூள் இறங்கியது. குமரன் அப்போதுதான் உறுமுவதற்காக நெஞ்சு நிறைய மூச்சை இழுத்திருந்தான். அன்று அவன் தொண்டையிலிருந்து வந்த சத்தம்தான் அவன் வாழ்க்கையிலேயே சிறந்த மெட்டல் குரல். அதைப் பதிவு செய்ய எங்கள் யாருக்கும் கண் தெரியவில்லை. மூவரும் தும்மிக்கொண்டே சாலைக்கு ஓடினோம். கறுப்புச் சட்டையும் வழிகிற கண்ணீருமாக நாங்கள் மலையைப் பார்த்து நின்றதை, கிரிவலம் வந்துகொண்டிருந்த ஒரு வயதான தம்பதி பார்த்தார்கள். அந்தப் பெரியவர் நெகிழ்ந்துபோய் எங்களைப் பார்த்துக் கை கூப்பினார். நாங்களும் திருப்பிக் கும்பிட்டோம். வேறு என்ன செய்வது?

குழாயடியில் கண்ணைக் கழுவிக்கொண்டிருந்தபோதுதான் குமரன் அதைச் சொன்னான். மூன்று வாரத்தில் ஊருக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரியில் எங்களுக்கு நிகழ்ச்சி இருந்தது. அதுவரை நாங்கள் வாசித்த மேடையெல்லாம் நண்பர்களின் பிறந்தநாள்தான். இதுதான் முதல் உண்மையான மேடை. அவன் திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன். அவன் மெதுவாக, பக்கத்தில் உட்கார்ந்து சொன்னான்.

"உன்ன கொற சொல்லல கோமதி. பேஸ் யாருக்கும் கேக்கல, அவ்ளோதான். லேப்டாப்ல வாசிச்சு வெச்சுடறேன். நீ மேடையில நில்லு. வாசிக்கற மாதிரி நின்னா போதும்."

வேண்டாம், வீட்டுக்குப் போ என்று சொல்லியிருந்தாலும் இவ்வளவு வலித்திருக்காது. துணிக்கடை வாசலில் புடவை கட்டி நிறுத்தியிருக்கும் பொம்மை எனக்கு ஞாபகம் வந்தது. நிகழ்ச்சி நாள் காலை வரைக்கும் எனக்கு நேரம் கொடு, அதற்குள் என் பேஸ் கேட்காவிட்டால் நானே லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வருகிறேன் என்றேன். சரி என்றான். எப்படிக் கேட்க வைப்பது என்று அவனும் கேட்கவில்லை, எனக்கும் தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு மில்லில் பெல்ட் நழுவிக்கொண்டிருந்தது. இளங்கோ மெக்கானிக்கை வரச் சொல்லியிருந்தான். அவர் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. இளங்கோவின் போனில் 'மில் மெக்கானிக்' என்று இருந்தது, நானும் அப்படியே பதிந்துகொண்டேன். என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர். இசையில் ஈடுபாடு உண்டா என்றால், எங்கள் சத்தத்தை நிறுத்தினால் பெல்ட்டின் சத்தம் தன் காதில் விழும் என்று இரண்டு தடவை சொன்னார், அவ்வளவுதான்.

வேலை முடிந்து கை துடைத்துக்கொண்டு போகிறபோது, சுவரில் சாய்த்து வைத்திருந்த என் பேஸின் தடித்த கம்பியைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். பெல்ட்டை அழுத்திப் பார்க்கிற அதே கை.

"இன்னாமா இது, துணி காயப்போடற கொடியாட்டம் கீது?"

சத்தம் ஆழமாக வர வேண்டும், அதற்காகத் தளர்த்தியிருக்கிறேன் என்றேன். கேட்கவில்லை என்பதற்காகப் பெரிய ஆம்ப் கொண்டுவந்த கதையையும் சொன்னேன். அவர் ஆம்ப்பைப் பார்த்தார், கம்பியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"பெல்ட்டு லூசா இருந்தா பத்து எச்பி மோட்டார் போட்டாலும் கல்லு சுத்தாது. நீ மோட்டார மாத்திக்கினு கீற. கனமானது மெதுவா ஆடும், மெல்லிசு வேகமா ஆடும். மெல்லிச லூசு பண்ணா அது மெதுவா ஆடறது இல்லமா. தொங்கறது."

சொல்லிவிட்டு வண்டியை உதைத்துக் கிளம்பிவிட்டார். நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். பிளஸ் டூவில் இயற்பியல் பாடத்தில் கம்பியின் அதிர்வுக்குச் சூத்திரம் எழுதி முழு மதிப்பெண் வாங்கியவள் நான். அந்தக் கம்பியும் என் தோளில் தொங்குகிற கம்பியும் ஒன்று என்று அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை. டியூனிங் இறங்கினால் கம்பி தடிக்க வேண்டும், அப்போதுதான் விறைப்பாக நிற்கும். ஆம்ப் எல்லாம் அதற்குப் பிறகு.

அன்று மாலையே தேடினேன். ஐந்து கம்பி பேஸுக்கு விற்கும் செட்டில் 'பி' என்று ஒரு தடித்த கம்பி கூடுதலாக இருக்கும். அந்த செட்டை வாங்கி, மெல்லியதை மட்டும் ஒதுக்கிவிட்டு, தடித்த நான்கையும் என் நான்கு கம்பி பேஸில் போட்டுவிடலாம். 'பி'யிலிருந்து 'ஏ'க்கு இறங்க ஒரு படிதான், கம்பி தொங்காது. கடையில் இருப்பதிலேயே தடித்ததை வாங்கத்தான் கை போனது. என் பேஸில் கம்பி நுழையும் ஓட்டையை முதலில் அளந்தேன், ஆசை கொஞ்சம் கம்மியானது. இந்தக் கதையில் நான் முதல் தடவையிலேயே சரியாகச் செய்த காரியம் அது ஒன்றுதான், அதனால் குறிப்பிடுகிறேன்.

பார்சல் பௌர்ணமியில் மாட்டிக்கொண்டது. ஊருக்குள் வண்டிகளை விடவில்லை. இன்று டெலிவரி, இன்று டெலிவரி என்று போன் மூன்று நாள் என்னை ஏமாற்றியது. நிகழ்ச்சி சனிக்கிழமை. பார்சல் வெள்ளிக்கிழமை அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தது. எங்கள் பிரிவு மேலாளர் சுருளை வாங்கிக் கையில் எடை பார்த்துவிட்டு, கிணற்று மோட்டார் இறக்குகிற கம்பியா, என்ன அடி ஆழம் என்று அக்கறையாகக் கேட்டார். ஆழம்தான் சார் என்றேன்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கே மில்லுக்குப் போய்விட்டேன். பேஸின் கழுத்தில் தலைப் பக்கம் கம்பிகள் உட்காருவதற்குப் பள்ளம் வெட்டிய ஒரு சிறு பட்டை இருக்கும், நட் என்போம். பழைய கம்பிக்கு வெட்டிய பள்ளத்தில் புதிய கம்பி உட்காராமல் மேலேயே நின்றது. பள்ளத்தை அகலப்படுத்த வேண்டும். இளங்கோ மில்லில் இருந்த உருட்டு அரத்தை எடுத்துக் கொடுத்தான். ராவினேன். அகலமாகிக்கொண்டு வருகிறது என்ற சந்தோஷத்தில் ஆழமாகவும் ஆகிக்கொண்டு வருவதைக் கவனிக்கவில்லை. நேரம் வேறு துரத்தியது. பதினொரு மணிக்குக் குமரன் வருவான். கம்பியைப் போட்டு முறுக்கித் தட்டினேன். விறைப்பாக, அழகாக நின்றது. ர்ர்ர்ர் என்று இரைந்தது. பள்ளம் அதிகம் இறங்கியதால் கம்பி, கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கட்டில், அதாவது முதல் ஃப்ரெட்டில் உரசிக்கொண்டிருந்தது. விரல் வைக்காமல் தட்டும் திறந்த 'ஏ' இல்லாமல் எங்கள் பாட்டில் ஒன்றுகூட இல்லை.

கொஞ்ச நேரம் நான் எதையும் செய்யவில்லை. சும்மா இருந்தேன் என்று நினைக்காதீர்கள். அரத்தைக் கீழே வைப்பதற்கே எனக்கு அத்தனை முயற்சி தேவைப்பட்டது. பதற்றத்தில் கெடுத்த காரியத்தை அதே பதற்றத்தோடு சரிசெய்யப் போனால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தேன். ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தேன். எடுத்ததுதானே அதிகம், திரும்ப நிரப்ப வேண்டும், அவ்வளவுதான் என்று வாய்விட்டுச் சொன்னேன். செருப்பு ஒட்ட வாங்கிய சூப்பர் குளூ இருக்கிறது என்றான் இளங்கோ. பசை மட்டும் நிற்காது, அதோடு ஏதாவது தூள் வேண்டும்.

மாவு மில்லில் தூளுக்கா பஞ்சம்? அரிசி மாவைப் பள்ளத்தில் தூவி ஒரு சொட்டு விட்டோம். கொழுக்கட்டை மாவு போலக் குழைந்துகொண்டு நின்றது, உறையவே இல்லை. பிளேடால் சுரண்டி எடுத்தேன். மணி பத்து. மோட்டார் சுவிட்சுக்கு மேலே சாமி படம் இருந்தது. படத்தின் கீழே கிண்ணத்தில் திருநீறு. நான் அதைப் பார்ப்பதை இளங்கோ பார்த்துவிட்டான்.

"அக்கா, அது சாமி துன்னூறு. கம்பிக்கு அடியில போயி வெக்கறதா?"

வேண்டாம் என்றால் விட்டுவிடலாம் என்று உண்மையாகவே சொன்னேன். அவன் பேஸை மேலிருந்து கீழ் வரை ஒரு முறை பார்த்தான்.

"இது தல பக்கம்தான? அப்ப நெத்தி மாதிரிதான். வெய்ங்க."

அவனே ஒரு சிட்டிகை எடுத்து, கண்ணில் ஒற்றிக்கொண்டு, பள்ளத்தில் வைத்தான். ஒரு சொட்டுப் பசை விட்டேன். மெலிதாகப் புகை வந்தது. அடுத்த நிமிடம் கல்லாக இறுகியிருந்தது. இதற்கு எல்லோரும் சமையல் சோடா போடுவார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். இந்த முறை இரண்டு இழை ராவுவேன், கம்பியை வைத்துப் பார்ப்பேன், மறுபடி இரண்டு இழை. குமரன் வந்து சேர்ந்தபோது கம்பி சுத்தமாக, கனமாக 'ஏ' சொன்னது. அரத்தால் எடுப்பது சுலபம் தம்பி. எடுத்ததைத் திரும்ப வைக்கச் சாமி வரைக்கும் போக வேண்டியிருக்கிறது.

குமரன் கேட்டான். நன்றாக இருக்கிறது என்றான். ஆனாலும் லேப்டாப்பைப் பையில் எடுத்து வைத்தான். ஆரம்பத்தில் மழையும் இடியுமாக ஒரு சத்தம் போட வேண்டுமே, அதற்கு என்றான். அது ஏற்கெனவே பேசி வைத்ததுதான், நான் ஒன்றும் நினைக்கவில்லை.

கல்லூரி மேடை திறந்தவெளி. ஒலிபெருக்கி வைத்தவர் ஊர் ஊராகக் கூழ் ஊற்றும் திருவிழாவுக்கும் கட்சிக் கூட்டத்துக்கும் மைக் செட் போடுகிறவர். நல்ல மனிதர், நேர்த்தியான வேலை. மேடையில் வைத்த என் ஆம்ப்பிலிருந்து ஒரு ஒயரை அவருடைய ஒலி மிக்சரில் செருகியதும், பேஸ் கிட்டார்தானே என்று பேஸ் குமிழை எல்லை வரைக்கும் திருகி வைத்தார். ஒத்திகைக்குத் தட்டினேன். மிளகாய்த் தூள் மட்டும்தான் இல்லை, மற்றபடி மில்லில் நடந்ததெல்லாம் நடந்தது. முன்வரிசை மேசையில் சால்வைத் தட்டின் பக்கத்திலிருந்த தண்ணீர் பாட்டில்கள் ஒன்றன் பின் ஒன்றாக விளிம்பை நோக்கி நடந்தன. கடைசி பாட்டிலைக் கல்லூரி முதல்வர் எட்டிப் பிடித்தார்.

குமரன் என் காதருகே வந்து, கேட்கவில்லை, இன்னும் பேஸ் ஏற்றச் சொல் என்றான். ஏற்றியும் கேட்காவிட்டால் அடுத்து என்ன சொல்வான் என்று எனக்குத் தெரியும். நிகழ்ச்சிக்குக் கால் மணி நேரம்தான் இருந்தது. இரண்டு வாரமாக மெக்கானிக்கின் பேச்சு என் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்ததால் ஒன்று மட்டும் புரிந்தது. கம்பி இப்போது சரியாக இருக்கிறது. மேலே மேலே ஏற்றுவதுதான் அதை மூடுகிறது. நான் என் ஆம்ப்பில் பேஸைக் குறைத்து, நடுத்தரச் சத்தத்துக்கான மிட் குமிழைக் கூட்டினேன். பிறகு மைக் செட் அண்ணனிடம் போய் அங்கேயும் அப்படியே செய்யச் சொன்னேன்.

பேஸ் கிட்டாரில் பேஸைக் குறைக்கச் சொல்கிற ஆளை அவர் அன்றுதான் பார்க்கிறார். தப்பாகச் சொல்கிறாயா என்று கேட்டார். அவருக்கு மெட்டலைப் பற்றி விளக்கம் சொல்ல எனக்கு நேரமில்லை. அவருக்குத் தெரிந்த வேலையிலிருந்து கேட்டேன்.

"மீட்டிங்குல தலைவர் பேசறப்ப இவ்ளோ பேஸ் வெப்பீங்களாண்ணா?"

"எப்பிடிமா வெப்பாங்க? கொழகொழன்னு பூடும். பேச்சு பிரியாது."

"என் கம்பியும் பேசணும்ண்ணா."

அவர் மிக்சர் பக்கம் திரும்பினார். இரண்டு குமிழ்களை இறக்கினார், ஒன்றை ஏற்றினார், விரலால் காட்டி இப்போது தட்டு என்றார். தட்டினேன். மேடையிலிருந்து மைதானத்தின் கடைசியில் இருந்த வேப்பமரம் வரைக்கும் அந்தச் சுரம் நேராகப் போனது. பாட்டில்கள் நின்ற இடத்தில் நின்றன.

நாலு பாட்டு வாசித்தோம். இளங்கோ ஒரு காதில் ஏதோ மாட்டியிருந்தான். காது வலிக்காமல் இருக்கப் பஞ்சு வைத்திருக்கிறான் என்று நினைத்தேன். முதல் பாட்டின் பாதி வரை என் கண் நட்டின் மேலேயே இருந்தது, திருநீறு உதிருமோ என்று. உதிரவில்லை. இரண்டாவது பாட்டில் கிட்டார் நின்று பேஸ் மட்டும் வரும் ஓர் இடம் உண்டு. முன்வரிசையில் இரண்டு காதையும் பொத்தி உட்கார்ந்திருந்த ஒரு பேராசிரியர் அந்த இடத்தில் ஒரு விரலை மட்டும் எடுத்தார். குமரன் திரும்பி என்னைப் பார்த்தான். எத்தனையோ மேடை ஏறியிருக்கிறேன். அந்தப் பார்வை மாதிரி இன்னொன்று கிடைத்ததில்லை.

முடிந்ததும் இரண்டு மாணவிகள் மேடைக்குப் பின்னால் தேடி வந்தார்கள். பேஸ் இவ்வளவு தெளிவாகக் கேட்டதே, எப்படி என்று கேட்டார்கள். கம்பியின் கனம், விறைப்பு, மிட் என்று கால் மணி நேரம் வகுப்பு எடுத்தேன். அவர்கள் போனதும் குமரன் வந்தான். கையில் எனக்கும் சேர்த்து டீ. பின்னால் இளங்கோ, குனிந்த தலையோடு டிரம் குச்சிகளை எண்ணிக்கொண்டு வந்தான். இருந்ததே இரண்டு.

"கோமதி, ஒண்ணு சொல்லணும். இடிச் சத்தம் முடிஞ்சதும் லேப்டாப்ப நான் நிறுத்தல. பேஸ் டிராக்கும் ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு. நடுவுல ஏதாவது ஆனா காப்பாத்தும்னு போட்டேன். அதோட சேர்ந்து வாசிக்கத்தான் இவன் காதுல தாளம் குடுத்தேன். ஜனங்களுக்குக் கேட்டது... அதுதான்னு நெனைக்கறேன். மறைக்க முடியல."

எனக்கு முதலில் வெட்கம்தான் வந்தது, கோபம் பிறகுதான் வந்தது. அந்த மாணவிகள் எந்தப் பக்கம் போனார்கள் என்று பார்த்தேன், ஓடிப்போய்ச் சொன்னதையெல்லாம் திரும்ப வாங்கிக்கொள்ளலாமா என்று. இளங்கோவைப் பார்த்தேன். சாமி திருநீற்றைக் கண்ணில் ஒற்றி எடுத்துக் கொடுத்தவன், அவனுக்கும் தெரிந்திருக்கிறது. டீயை வாங்கவில்லை. பேஸை உறையில் போட்டு ஜிப்பை இழுத்துக்கொண்டு, என் கேபிளை எடுக்க மைக் செட் அண்ணனிடம் போனேன். இரண்டு பேரும் பின்னாலேயே வந்தார்கள்.

அவர் முழங்கையில் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஏதோ தப்புச் செய்தவர் போலத் தயங்கினார்.

"யம்மா, அந்த லேப்டாப்பு லைன் ஒண்ணு குடுத்தீங்களே. இடி இடிச்சு முடிஞ்சதும் ஒரே இரைச்சல். மொத பாட்டு ஆரம்பிக்கறப்பவே அத நான் அடியோட எறக்கிட்டேன். அப்பறம் ஏத்தவே இல்ல. எதுனா முக்கியமானதா?"

நான் திரும்பிக் குமரனைப் பார்த்தேன். கையில் இரண்டு டீயோடு நின்றுகொண்டிருந்தான்.

"முக்கியமானது இல்லண்ணா," என்றேன்.

இப்போது டீயை வாங்கிக்கொண்டேன். குமரன் மேடை விளிம்பில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்து, அதை அழித்துவிடட்டுமா என்று தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டான். வேண்டாம், எனக்கு லீவு கிடைக்காத நாளில் உதவும், வைத்துக்கொள் என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன். அவன் கேட்கவில்லை. மூன்று இடத்தில் பத்திரமாகச் சேமித்து வைத்திருந்திருக்கிறான். மூன்றையும் தேடித் தேடி அவன் அழித்து முடிக்கும்வரை நானும் இளங்கோவும் மைக் செட் அண்ணனுக்கு ஒயர் சுற்றிக் கொடுத்தோம்.